போடுங்கோ காதில மெசினை!

‘காது மந்தம்’ என்று ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் காது சும்மா மந்தமான காதல்ல. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் வருடக்கணக்காக டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து உழைத்த காது. ஷெல் விழுந்த நாட்களில் பிள்ளைகளை அணைத்தபடி பங்கருக்குள் கிடந்த காது. சங்கு குளித்துக் கடலின் அமுக்கத்தைத் தாங்கிய காது. இத்தனையையும் தாங்கியவர், காதுமடலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் ஒரு சின்னக் கருவிக்கா கூச்சப்படுவது?

கூச்சம் என்ன செய்கிறது தெரியுமா? கனடாவிலிருந்து பேரன் வீடியோவில் வந்து, “அப்பப்பா, என்ன சாப்பிட்டனீங்கள்?” என்கிறான். அப்பப்பா சிரித்துக்கொண்டு, “ஓம் ஓம், நல்ல மழை” என்கிறார். அங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். அடுத்த முறை போன் அடிக்கையில் அவர் மெல்ல எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுகிறார். கேளாமையைவிட இந்த ஒதுக்கம்தான் மனிதரைத் தின்கிறது. உலகில் 150 கோடிப் பேருக்கு ஏதோவொரு அளவில் கேள்திறன் குறைந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்குச் சொன்னது. கேளாமல் கிணற்றடிக்கு ஒதுங்குகிறவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல!

நாவலப்பிட்டியில் பிறந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். 1967 ஜனவரி 12 அன்று கழுத்தில் குண்டு பாய்ந்து, இடது காதின் கேள்திறன் போய், குரலும் மாறிப்போனது. காதில் இரைச்சலும் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். பத்து வருடம் கழித்துத் தமிழ்நாட்டின் முதலமைச்சர். எம்.ஜி.ஆர். படத்துக்கு மாலை போடாத ஊர் யாழ்ப்பாணத்தில் குறைவு. அவர் காதின் கதையை மட்டும் ஏன் மறந்தோம்? இன்னொரு நடிகர் ரொனால்ட் றேகன். படப்பிடிப்பில் காதோரம் வெடித்த துப்பாக்கியால் கேள்திறன் கெட்டது. 1983இல், அமெரிக்க ஜனாதிபதியாக இருக்கையிலேயே, ஊரறியக் கருவி மாட்டிக்கொண்டார்.

துணிவு வந்துவிட்டதா? நல்லது. இனி அந்தத் துணிவோடு கட்டுப்பாடும் வேண்டும். அயல்வீட்டுக்காரரின் பழைய மெசினை இரவல் வாங்கிப் போடாதீர்கள். கண்ணாடியைப் போலத்தான் இதுவும். பரிசோதித்து, உங்கள் காதின் அளவுக்குச் சரிசெய்ய வேண்டியது. தெருவில் மலிவாக விற்கும் சத்தம் கூட்டும் பெட்டி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகத் தூக்கி அடிக்கும். மிஞ்சியிருக்கும் கேள்திறனுக்கும் அது ஆபத்து. முதல் நாளே நயினை அம்மன் திருவிழா ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். வீட்டுத் திண்ணையில், ஒருவரோடு, மெல்லிய சத்தத்தில் தொடங்குங்கள். மூளை பழகச் சில கிழமைகள் எடுக்கும். இரண்டாம் நாளே கழற்றி அலுமாரிக்குள் வைப்பவர்தான் தோற்கிறார்.

படகில் எஞ்சின் தடதடக்கும்போது சத்தத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வேலை என்றால் கருவியைக் கழற்றிவிட்டுக் காதடைப்பான் போடுங்கள். நிறுத்திவைத்த கருவி காதைக் காக்காது. உப்புக் காற்று தீவாருக்குப் பழக்கம், மெசினுக்குப் பழக்கமில்லை. இரவில் உலர்ந்த துணியால் துடைத்து, பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைக்கற் போட்ட டப்பாவுக்குள் வையுங்கள். வெயிலிலோ அடுப்படியிலோ காய வைக்கக் கூடாது. விசிலடித்தால் காதுக்குள் வைக்கும் அச்சு பொருந்தவில்லை, அல்லது குறும்பி அடைத்திருக்கிறது. அதற்காக ஈர்க்கால் குடையாதேயுங்கோ!

‘காது இரையுது’ என்று நித்திரையில்லாமல் புரள்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. மென்மையான ஒலி தரும் கருவியின் வேலை இரைச்சலை அமுக்கிக் கொல்வதல்ல. அது இரைச்சலைவிடச் சற்றுத் தாழ்வாக ஒலிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கேட்கும்போதுதான், இது பொருட்படுத்தத் தேவையில்லாத சத்தம் என்று மூளை கற்றுக்கொள்ளும். மாதக்கணக்கு எடுக்கும். பொறுமையிழந்து சத்தத்தை ஏற்றினால் இருக்கிற காதும் கெடும்; 80 டெசிபெல் என்றால்கூடக் கிழமைக்கு 40 மணித்தியாலம்தான் எல்லை. இரைச்சல் ஒரு காதில் மட்டும் கேட்டாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலும், தலைசுற்றோ சீழோ இருந்தாலும் கருவி தேடாமல் முதலில் வைத்தியரைத் தேடுங்கள். திடீரென்று காது அடைத்துக் கேளாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். சிகிச்சை பலன் தரும் காலம் குறுகியது.

ஒன்றில் மட்டும் அணுவளவும் அசட்டை கூடாது. மெசினுக்குள் இருக்கும் பொத்தான் பற்றரி பிள்ளையின் தொண்டையில் சிக்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கக்கூடும். நெடுந்தீவில் என்றால் அந்த நேரத்தைக் கடலும் ரோட்டுமே விழுங்கிவிடும். பழைய பற்றரியையும் மூடியிறுக்கிய டப்பாவில், உயரத்தில் வையுங்கள். விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு!

கிளினிக் நாள் எப்போதென்று உங்கள் தீவு ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். அந்த நாள் காலைப் படகைத் தவறவிடாதீர்கள். பழைய மெசின் இருந்தால் அதையும், குடிக்கிற மருந்துத் துண்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். மெசினைச் சரிசெய்யும்போது அவர்கள் பேசட்டும். வீட்டில் நீங்கள் கேட்கப்போகும் குரல் அதுதானே.