மருத்துவனும் மாந்திரிகனும்

பண்டைக் கிரேக்கர் வலிப்பு நோயைத் ‘தெய்வ நோய்’ என்றனர். கடவுளரின் சினமே நோயாய் வந்ததென நம்பிய மக்களிடம் தீட்டுக் கழிப்போர் மந்திரம் ஓதிப் பிழைத்தனர். நோயாளி ஆட்டிறைச்சி உண்ணலாகாது, ஆட்டுத்தோலிற் படுத்தலாகாது, கறுப்பாடை உடுத்தலாகாது, காலின்மேல் கால் வைத்தலும் ஆகாது. ஹிப்பாக்ரட்டீசின் பெயரால் வழங்கும் நூல் தொகுதியில் ‘தெய்வ நோய்’ பற்றிய சிறுநூல் ஒன்றுண்டு. அதன் ஆசிரியர் இவர்களைக் கடுமையாகச் சாடினார். ஆட்டுத்தோல் நோய் தருமாயின், அதிலேயே உறங்கும் லிபிய உள்நாட்டாருள் ஒருவரேனும் நலமாய் இருத்தல் கூடுமோ என வினவினார். நோய் தீர்ந்தால் புகழ் தமக்கு, நோயாளி இறந்தால் பழி கடவுளுக்கு என்னும் அவர்தம் சூழ்ச்சியையும் வெளிப்படுத்தினார். இத்தனைக்கும் அவர் கடவுள் மறுப்பாளர் அல்லர்.

அறிவு வென்றது, மடமை வீழ்ந்தது என்று இதனைப் படிப்போர் மகிழ்தல் இயல்பே. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜி. இ. ஆர். லாய்டு, மந்திரம், பகுத்தறிவு, பட்டறிவு ஆகியவற்றை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட நூல் அம்மகிழ்ச்சியைச் சற்றே தடுக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் கோழை நாளங்களை அடைப்பதால் வலிப்பு வருகிறதென்பது அம்மருத்துவரின் கொள்கை. நோயுற்ற ஆட்டின் தலையைப் பிளந்தால் மூளை நீர் கோத்து நாறும் என்பது அவர் காட்டும் சான்று. நலமுள்ள ஆட்டின் மூளையோடு அதனை ஒப்பிட்டாரா? நூலில் அப்பேச்சே இல்லை. உணவு முறையால் நோயைத் தீர்க்கலாம் என்றாரே, அதுவும் மெய்ப்பிக்கப்படாத வாக்குத்தான்.

அங்ஙனமாயின் வேறுபாடு யாது? எபிடாரஸ் நகரத்து அஸ்கிளீப்பியஸ் கோயிலின் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், அங்குத் துயின்று கனவிலே நலம் பெற்றோர் கதைகளைக் கூறுகின்றன. ஒரு கண் பார்வையிழந்த ஏதென்ஸ் நகரப் பெண்ணொருத்தி அக்கதைகளைக் கேட்டு நகைத்தாள். அவளுக்கும் கண் தெரிந்தது. ஆனால் தன் அறியாமைக்கு நினைவாக வெள்ளிப் பன்றி ஒன்றைக் காணிக்கையாக்க வேண்டியதாயிற்று. ஐயுறுதலே ஆங்குக் குற்றம்! நம்பி வந்தும் நலம் பெறாது திரும்பியோர்க்கு அக்கற்களில் இடமில்லை.

மருத்துவர் குறிப்புகளோ வேறு வகையின. அதே தொகுதியின் ‘கொள்ளை நோய்கள்’ என்னும் நூலில், முதல், மூன்றாம் பகுதிகள் 42 நோயாளரின் நிலையை நாள்வாரியாய்த் தருகின்றன. அவர்களுள் 25 பேர் இறந்தனர். ஊர் ஊராய்ச் சென்று, மாந்திரிகரோடு போட்டியிட்டுப் பிழைத்த மருத்துவர்க்குத் தம் தோல்வியைப் பிறர் படிக்க எழுதி வைத்தல் எளிதாயிருந்திராது. மருந்தின் வலிமையில் இருசாராரும் ஏறத்தாழ ஒருநிலையினரே. இந்நேர்மையில்தான் மருத்துவன் மாந்திரிகனைப் பிரிந்து நிற்கிறான். தாசோஸ் தீவில் மதிலருகே வாழ்ந்த பிலிஸ்கஸ் காய்ச்சலுற்றுப் படுத்தான். அவனுடைய உறக்கமின்மை, வியர்வை, சிறுநீரின் நிறம் எல்லாம் குறிக்கப்பட்டுள்ளன. 6ஆம் நாள் நண்பகலை ஒட்டி இறந்தான். கடவுள்மேற் பழியில்லை, நோயாளிமேலும் இல்லை. அடுத்து சைலீனஸ் என்பானின் குறிப்பு தொடங்குகிறது. அவன் இறந்தது 11ஆம் நாள்.