மூலையில் கிடந்த ஆண்டுகள்



நம் பலமனேர் வீடுகளில் புதுப்புளி வந்ததும் கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்து, மண்சாடியில் அமுக்கி வைப்போம். வருடம் போகப் போக அது கறுக்கும். கறுத்துவிட்டதே என்று யாரும் கொட்டுவதில்லை. பத்தியம் என்றால் பழம்புளியைத்தான் தேடுகிறோம்.

தேயிலையிலும் அப்படி ஒன்று உண்டு. சீனாவின் குவாங்சி பகுதியில் லியூபாவ் என்ற ஊரின் பெயரால் வழங்கும் கறுப்புத் தேயிலை அது. இலையை ஈரத்தோடு குவித்துப் புளிக்கவிட்டு, ஆவி காட்டி, மூங்கில் கூடையில் அமுக்கி ஆண்டுக்கணக்கில் வைப்பார்கள். இருட்டில் நுண்ணுயிர்கள் வேலை செய்ய, துவர்ப்பு அடங்கும். நம் தமிழ் மக்கள் ரப்பர் தோட்டங்களில் வியர்வை சிந்திய அதே மலேயாவில், ஈப்போ பக்கத்து வெள்ளீயச் சுரங்கங்களில் பாடுபட்ட சீனத் தொழிலாளர்கள் தாகத்துக்கு இதைத்தான் குடித்தார்கள். 1985இல் வெள்ளீய விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடின. மிஞ்சிய கூடைகள் கேட்பாரற்றுக் கிடங்கு மூலைகளில் கிடந்தன. பிற்காலத்தில் ஆட்கள் தேடி வந்து, நல்ல விலை கொடுத்து அவற்றை வாங்கிப் போனார்கள்.

அதைப் போடும் விதத்தைக் கேளுங்கள். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை இலைமேல் ஊற்றி, முதல் தண்ணீரை உடனே வடித்துக் கொட்டிவிடுவார்கள். கிடங்குத் தூசியும் புழுங்கல் வாடையும் அதோடு போய்விடும். அடுத்த தண்ணீர் சில விநாடி நின்றால் போதும், கருஞ்சிவப்பாக இறங்கும். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு மணம். தேர்ந்த இலையென்றால் கொட்டைப்பாக்கின் வாசனையும் சேர்ந்து வரும். விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஓர் இனிப்பு. அதே இலை இன்னும் பல தடவை ஊற்றினாலும் சாறு கொடுக்கும்.

பிரியமானவர்களே, ஒரு மனிதரின் முதல் தண்ணீரைச் சுவைத்ததுமே நாம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுகிறோமா? மருமகளிடம், குடித்துக் கெட்ட தம்பியிடம், ஏன், நம்மிடமேகூட அப்படித்தான் நடந்துகொள்கிறோமா?

மோசேயை நினைத்துப் பாருங்கள். கொலை செய்துவிட்டு ஓடியவர். மிதியானில் நாற்பது ஆண்டுகள் மாமனாரின் ஆடுகளை மேய்த்தார். அரண்மனை அவரை மறந்தே போயிருக்கும். எரியும் முட்புதரின் அருகே ஆண்டவர் அழைத்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய 80. அந்த நாற்பது ஆண்டுகளுக்கு ஆண்டவர் கணக்குக் கேட்கவில்லை. பேர் சொல்லி, இரண்டு தரம் கூப்பிட்டார்.

கூடைகள் எல்லாமே தேறுவதில்லை. ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடித்துவிடும். தேயிலைக்கு அது சரி. ஆனால் இது தேறாது என்று ஆண்டவர் தள்ளிவைத்த பிள்ளை ஒருவரும் இல்லை. நீங்கள் வீணாய்ப் போனதாக எண்ணி அழும் வருடங்களிலும் அவருடைய இரக்கம் உங்களோடுதான் இருந்தது.

பாவசங்கீர்த்தனம் செய்து பல வருடம் ஆகிவிட்டதே, எந்த முகத்தோடு வருவது என்று தயங்குகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை பூசைக்கு முன்பே வந்து கோயிலில் உட்கார்ந்திருப்பேன். ஜெபம் மறந்துபோயிருந்தாலும் வாருங்கள், சேர்ந்தே சொல்லுவோம்.