திருவொற்றியூர்ச் சத்தியம்

திருவொற்றியூரில் செய்த சத்தியத்தைச் சுந்தரர் மீறிய கதை நம்மில் பலருக்குத் தெரியும். உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாரிடம் மகிழ மரத்தடியில் ஆணையிட்டார். வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவு வந்தது, ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், கண் போயிற்று. பிழைக்கும் தண்டனைக்கும் நடுவே ஓர் எல்லைக்கல்தான் தூரம். பக்தியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, கதை எழுதிப் பிழைக்கிறவனாக இதைப் பார்த்தால், எனக்கு வியப்பளிப்பது இந்த அவசரம்தான். வாழ்க்கையில் கணக்கு இத்தனை சுத்தமாகத் தீர்வது எங்கே? ஒருவன் ஒரு பிழை செய்கிறான். அதன் பலன் பல வருஷம் கழித்து, வேறொரு ஊரில், அவனை அறியவே அறியாத இன்னொருவன் தலையில் விடிகிறது. இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க எந்தச் சாட்சியும் இல்லை. அப்படியானால் அது பிழைதானா?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியது சாஸ்திரம் எதுவுமல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டார் சாமான்.

தெர்மோஸ்டாட் என்பது அதன் பெயர். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் புறப்படும் வாசலில் அது உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் முழங்கை மாதிரி வளைந்த ஒரு வார்ப்பு மூடியிருக்கும், அதுதான் ஹௌஸிங். எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை இந்த வால்வு தண்ணீரை வெளியே விடாது. 82 டிகிரி, 88 டிகிரி என்று அதன்மேலேயே முத்திரை குத்தியிருப்பார்கள். அந்தச் சூட்டை எட்டியதும் உள்ளே அடைத்திருக்கும் மெழுகு உருகி விரிந்து வாசலைத் திறக்கும். மெழுகிடம் இப்படி வேலை வாங்கும் யுக்தியை 1930களில் கண்டவர் செர்ஜியஸ் வெர்னட். மின்சாரமும் கிடையாது, மந்திரமும் கிடையாது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்தச் சாமானைத் தெரியாத தெரு இருக்காது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி அனுப்பியது. 1955-ல் அதுவே அசோக் லேலண்ட் ஆகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. அந்த ஆஸ்டின் குடும்பத்து எஞ்சின்தான் பிறகு அம்பாஸடர் காரிலும் நெடுநாள் ஓடியது. இரும்பு ஹெட், அதன்மேல் அலுமினிய ஹௌஸிங், பிடித்துக்கொள்ள மூன்று ஸ்டட். அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனாலும், எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் அது இன்னும் நோயாளியாக வந்து நிற்கிறது.

நெடுஞ்சாலையோரத்து ஷெட் ஒன்றில் நான் கேட்ட பேச்சு இது: “சார், மெட்ராஸ் வெயிலுக்கு இந்த வால்வு எதுக்கு சார்? இதெல்லாம் ஐஸ் கொட்டற ஊருக்கு. கயட்டிப் போட்டுட்டா வண்டி ஜில்லுன்னு ஓடும்.”

கழற்றிப் போட்டார். அரித்துப்போன ஹௌஸிங்கைப் பசை வைத்து அடைத்தார். சூட்டைக் காட்டும் முள் இறங்கியது. வண்டிக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மேஸ்திரி ஒரு ரூபாய்கூட அதிகம் வாங்கவில்லை. புது ஹௌஸிங் வாங்கும் செலவைத்தான் மிச்சப்படுத்திக் கொடுத்தார். இவரைத் திருடன் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் எஞ்சினுக்குக் குளிர்ச்சி சுகமல்ல. குளிர்ந்த சுவரில் பட்ட பெட்ரோல் முழுக்க ஆவியாகாமல் வழிந்து எண்ணெயை நீர்க்க வைக்கிறது. எரிந்த ஆவி நீராகி எண்ணெயில் கலந்து சேறாகிறது. சிலிண்டர் மெல்ல மெல்லத் தேய்கிறது. பல லாரி எஞ்சின்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: அதே வால்வுதான் குறுக்கு வழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றினால் கொதிநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும். பாரம் ஏற்றியதும் வண்டி முன்னைவிடக் கொதிக்கும்.

ஹௌஸிங் அரித்தது எதனால்? மீஞ்சூர்ப் பக்கமெல்லாம் இறைத்து இறைத்து நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவிட்டது. (இறைத்தவர் ஒருவர், உப்புத் தண்ணீர் குடிப்பவர் வேறொருவர், அது தனிக் கதை.) அந்தப் போர்த் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். இரும்பும் அலுமினியமும் உப்பு நீரில் சேர்ந்திருந்தால் பாட்டரி மாதிரி வேலை நடக்கும், கரைவது அலுமினியம். காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ட் கலந்து ஊற்ற வேண்டும் என்றால், நம்மவர் எத்தனை பேர் காசு கொடுப்பார்கள்? ஆகவே பழி ஷெட்டோடு நின்றுவிடுவதில்லை.

மூன்று வருஷத்தில் அந்தக் கார் கை மாறும். கடன் வாங்கி அதை வாங்கிய ஒருவன் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்பான். ராசியில்லாத வண்டி என்பான், பூசணிக்காய் உடைப்பான், தன் ஜாதகத்தை நொந்துகொள்வான். பழைய சிரிப்பை அவன் பார்த்ததில்லை, கழற்றிய கையையும் அறியான். கண்டுபிடிக்க முடியாதது குற்றமல்ல என்றால், தர்மம் என்பது போலீஸ் இலாகாவின் ஒரு கிளை, அவ்வளவுதான். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெரியாமல் கழற்றுகிறவனுக்கு வேண்டுமானால் மன்னிப்பு உண்டு. கழற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தும், முள் இறங்குவதைக் காட்டிச் சிரிக்க வைக்கிறவனுக்கு?

வேறொரு மேஸ்திரி உண்டு, காலடிப்பேட்டைப் பக்கம். வயதானவர். பழைய வால்வை நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்து, எந்தச் சூட்டில் வாய் திறக்கிறது என்று வண்டிக்காரரைப் பார்க்கச் சொல்வார். ஸ்டட்டோடு இறுகிப்போன ஹௌஸிங்கைச் சுத்தியலால் அடிக்க மாட்டார். எண்ணெய் விட்டு, மரக்கட்டையால் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருப்பார். அவசரப்பட்டால் ஸ்டட் ஒடியும். அரை நாள் வேலை இரண்டு நாளாகும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, வால்வின் மெழுகுப் பக்கம் எஞ்சினைப் பார்க்க வைத்து, புதுப் பேக்கிங் போட்டு, மூன்று நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவார். ஒரே பக்கம் முடுக்கினால் வார்ப்பின் காது போய்விடும். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே, ஆறிய எஞ்சினை ஓட்டிக் காற்று முழுவதும் போகும்வரை பக்கத்தில் நிற்பார்.

மூடுவதற்கு முன் அவர் ஸ்டட்டுகளுக்குக் கிரீஸ் தடவுவதைப் பார்த்தேன். யாருக்காக இவ்வளவும், இந்த வண்டி உங்களிடமே திரும்பி வரும் என்பது என்ன நிச்சயம் மேஸ்திரி, என்று கேட்டேன்.

“வராது சார். வித்துடுவாரு. ஆனா இன்னொருத்தன் தொறப்பான் இல்ல? ஸ்டட்டு ஒடிஞ்சா அவன் லோல்படுவான்” என்று சொல்லிவிட்டு, பதினொன்றாம் நம்பர் ஸ்பானர் எங்கே என்று பையனைக் கூப்பிட்டார்.