திரையில் தெரியும் வேகமும் பிராமாண்ய வாதமும்

ஓர் அறிவு மெய்யானது என்பதை அந்த அறிவே காட்டிவிடுமா, அல்லது வேறொரு சான்று வந்துதான் அதை நிறுவ வேண்டுமா என்ற கேள்வி இந்தியத் தத்துவ மரபில் பிராமாண்ய வாதம் எனப்படும். குமாரில பட்டர் முதலிய மீமாம்சகர், அறிவு எழும்போதே மெய்யெனக் கொள்ளப்படுகிறது என்றும், பின்னர் அதற்கு மாறான அறிவு தோன்றினாலோ அதை விளைத்த கருவியில் குறை தெரியவந்தாலோ மட்டுமே அது தள்ளப்படும் என்றும் கொண்டனர். இது சுவதப் பிராமாண்யம். நியாய மரபினரோ, மெய்ம்மை புறச்சான்றால், குறிப்பாக ஓர் அறிவை நம்பிச் செய்த செயல் பயன் தந்ததா என்பதால்தான் தெரியவரும் என்றனர். தொலைவில் தோன்றுவது நீரா கானலா என்பது அருகே சென்று அள்ளிக் குடித்தபின்பே உறுதியாகும். இது பரதப் பிராமாண்யம். 14ஆம் நூற்றாண்டில் கங்கேசர் தம் தத்துவ சிந்தாமணியில் இதை நுணுக்கமாக விரித்தார். வேதத்தின் அதிகாரம் எதில் நிற்கிறது என்பதற்காக வளர்ந்த இவ்விவாதம், கிரிப்டோ நாணயத்துக்காகக் கிராபிக்ஸ் கார்டுகளை முடுக்கிப் பழுது பார்த்தவர்களின் வேலையில் நூல்களில் காணக் கிடைக்காத தெளிவோடு மீண்டும் எழுகிறது.

எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணய வலையமைப்பு 2015இல் தொடங்கியது முதல் 2022 செப்டம்பர் 15 வரை, பரிவர்த்தனைத் தொகுதியான பிளாக் ஒன்றைச் சங்கிலியில் சேர்க்கும் உரிமையைக் கணிப்பு உழைப்பின் வழியே அளித்துவந்தது. மைனிங் எனப்படும் இவ்வுழைப்பில், கார்டு ஓர் எண்ணை எடுத்துப் பிளாக்கின் விவரத்தோடு சேர்த்து ஹாஷ் என்னும் கணிப்புக்கு உட்படுத்தி, விடை குறித்த இலக்கைவிடச் சிறியதாக இருக்கிறதா என்று பார்க்கிறது; இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குச் செல்கிறது. எத்தீரியம் கையாண்ட ஈதாஷ் முறையில், ஒவ்வொரு முயற்சிக்கும் கார்டின் மெமரியிலுள்ள பெருந்தரவிலிருந்து 128 பைட் அளவுள்ள 64 துண்டுகளை, அதாவது 8,192 பைட்டுகளைப் படித்தாக வேண்டும். நொடிக்கு 256 ஜிகாபைட் படிக்கவல்ல ஆர்எக்ஸ் 580 கார்டு, மெமரியின் இயல்பான வேகத்தில், நொடிக்குச் சுமார் 3.1 கோடி முயற்சிகளைத் தாண்ட முடியாததற்கு இதுவே காரணம். தடை மெமரியில் இருப்பதால்தான் மைனர்கள் கணிக்கும் பகுதியின் வேகமான கோர் கிளாக்கையும் வோல்டேஜையும் இறக்கி மின்சாரத்தை மிச்சப்படுத்திக்கொண்டு, மெமரி கிளாக்கைப் படிப்படியாக ஏற்றினர்.

ஏற்ற ஏற்றத் திரையில் தெரியும் முயற்சி வேகமும் ஏறும். ஓர் எல்லைக்கு அப்பால் மெமரியிலிருந்து வரும் பிட்டுகள் சில தவறாக வரத் தொடங்கும். கார்டுக்கோ அது தெரியாது. தவறான தரவை வைத்துக்கொண்டு அது பிசகின்றி ஹாஷ் கணித்து, அதையும் ஒரு முயற்சியாக எண்ணிக்கொள்கிறது. திரையின் எண் முயற்சிகளின் எண்ணிக்கையே அன்றிச் சரியான முயற்சிகளின் எண்ணிக்கை அன்று. தமிழில் ஐயம் திரிபற அறிதல் என்கிறோமே, இங்கே ஐயத்துக்கே இடமில்லாமல் திரிபு நிகழ்கிறது. எழும்போதே மெய்யெனக் கொள்ளும் நிலை முதலில் இடறுவது இங்கேதான்.

திரிபு வெளிப்படுவது சரிபார்ப்பில். பல மைனர்கள் கூடி உழைத்து வருவாயைப் பகிரும் அமைப்புக்குப் பூல் என்றும், அவரவர் உழைப்பை அளக்க அது வைக்கும் எளிய இலக்கை எட்டிய விடைக்கு ஷேர் என்றும் பெயர். கார்டு ஒரு ஷேரைக் கண்டதாகச் சொன்னதும், மைனிங் மென்பொருள்கள் பலவும் அதைக் கணினியின் சிபியுவில் மறுபடி கணித்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் தவறான ஷேர் என்று குறித்துவிடும். கண்டுபிடிக்க நூற்றுக்கணக்கான கோடி முயற்சிகள் தேவைப்படும் விடையைச் சரிபார்க்க ஒரே ஒரு கணிப்பு போதும். ஆனால் வென்றிருக்க வேண்டிய எண் தவறாகக் கணிக்கப்பட்டுத் தோற்றிருந்தால் அது எங்கும் பதிவாவதில்லை. எனினும் தவறான கணிப்பும் சரியான கணிப்பு அளவுக்கே தற்செயலாக வெல்லக்கூடியது என்பதால், நூறு ஷேர்களில் இரண்டு தவறாக வந்தால் மொத்த உழைப்பிலும் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கு வீணாகிறது என்று கருதலாம். அகப்பட்ட பிழையைக் கொண்டு அகப்படாத பிழையை அளக்கும் இந்த அனுமானம் நியாய நூலார் மெச்சத்தக்கது.

சரிபார்க்கும் சிபியுவை யார் சரிபார்ப்பது என்று மீமாம்சகர் கேட்பார். ஒவ்வொரு சான்றுக்கும் வேறு சான்று வேண்டுமென்றால் அது முடிவின்றி நீளும் என்பது அவர்களின் வலுவான மறுப்பு. இங்கே சிபியு இயல்பான வேகத்தில் ஓடுகிறது, முடுக்கப்பட்ட மெமரியை அது தொடுவதில்லை, அதன்பின் பூலும் அதே கணிப்பைச் செய்கிறது என்று விடை சொல்லலாம். உற்று நோக்கினால் அதுவும், குறை காணப்படாதவரை மெய்யெனக் கொள்க என்ற மீமாம்சக விதியே. நியாயம் வென்ற இடத்தின் அடித்தளத்தில் மீமாம்சை இருக்கிறது என்பது சற்று வேடிக்கைதான்.

பழுது பார்ப்பதும் அவ்விதியின்படியே, கருவியின் குறையைத் தேடுவதாக நடக்கிறது. ரிக் எனப்படும் மைனிங் கணினியின் ஆறு கார்டுகளில் ஒன்று அடிக்கடி காணாமற்போனால், அதை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் என்னும் சிறு பலகையிலிருந்து கழற்றி, வேறொரு கார்டின் ரைசரில் மாற்றிப் பொருத்திப் பார்க்கிறார்கள். கோளாறு கார்டோடு நகர்ந்தால் குற்றம் கார்டில், பழைய இடத்திலேயே தங்கினால் ரைசரிலோ மின்கம்பியிலோ. உள்ளபோது உண்டு, இல்லாதபோது இல்லை என்னும் இந்த அன்வய வெதிரேக முறை ஏமாற்றவும் கூடும். பவர் சப்ளை ஆறு கார்டுகளின் சுமையைத் தாங்காத நிலையில் எந்தக் கார்டைக் கழற்றினாலும் ரிக் சீராக ஓடும். கழற்றப்பட்ட கார்டு குற்றமற்றது.

பயனே சான்று என்ற கொள்கைக்கும் ஓர் எல்லை உண்டு. நாணய வருவாய் விலையோடும் பூலின் அதிர்ஷ்டத்தோடும் ஏறி இறங்குவதால், ஒரு நாள் வருமானம் எந்த அமைப்பின் நலத்தையும் நிறுவாது. ஷேர் எண்ணிக்கையும் தற்செயலுக்கு உட்பட்டதே: நூறு ஷேர்களில் பத்து சதவீத அளவுக்கும், பத்தாயிரத்தில் ஒரு சதவீத அளவுக்கும் ஏற்றத்தாழ்வு இயல்பு. சராசரியாக 400 கோடி முயற்சிகளுக்கு ஒரு ஷேர் என்று பூல் வைத்திருந்தால், நொடிக்கு 3 கோடி முயற்சி செய்யும் கார்டு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் ஒன்றைக் காணும்; பத்தாயிரம் சேர இரண்டு வாரத்துக்கு மேலாகும். மெமரி கிளாக்கை ஏற்றி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு இரண்டு சதவீதம் கூடியது என்று சொல்பவர், நியாய நூலாரின் அளவுகோலிலும் மீமாம்சகரின் அளவுகோலிலும் எதையும் அறிந்தவர் ஆகமாட்டார்.