போரில் காணாமற்போனவர்களுக்கும் பூசை உண்டு



டில்லிப் பட்டணத்தில் இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி அது திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் நாட்டுக்காக உயிர்கொடுத்த 25,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அங்கே கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். டில்லிக்குப் போகிறவர்கள் அங்கே படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாமல், நாலு பெயரையாவது வாய்விட்டு வாசித்து, ஒரு பரலோக மந்திரமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆனால் உடலும் கிடைக்காமல், இருக்கிறானா இறந்தானா என்ற சேதியும் இல்லாமல் போனவனுடைய வீட்டாரை நினைத்துப் பாருங்கள். 1968-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, சண்டிகரிலிருந்து லேவுக்குப் பறந்த விமானப்படை விமானம் ஒன்று 102 பேரோடு இமயமலைப் பனியில் மறைந்தது. அதிலிருந்த கேரளத்துக் கிறிஸ்தவச் சிப்பாய் ஒருவருக்கு வயது 22. அவருடைய உடல் 2024-ம் ஆண்டு கடைசியாகப் பனியிலிருந்து எடுக்கப்பட்டு, சொந்த ஊர்க் கோவிலில் அடக்கமாயிற்று. 56 வருடம்! பெற்றோர் இருவரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். உடன்பிறந்தோரே பெட்டியை ஏற்றார்கள்.

1971-ம் ஆண்டுப் போரில் காணாமற்போனவர்களில் 54 பேர் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நமது அரசாங்கம் சொல்லி வந்தது. அந்த நாடோ இல்லை என்றது. நம் ஊரில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டபின்தான் நெசவு நடக்கும். அந்த வீடுகளிலோ முடிச்சுப் போட மறுமுனை கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட தாய் பூசை கேட்கவும் அஞ்சுவாள். இறந்தோர் பூசை கேட்டால் பிள்ளையைத் தானே சாகடித்தது போலாகுமோ என்று நெஞ்சு பதறும். அம்மா, அந்தப் பயம் வேண்டாம். திவ்விய பூசை மரித்தவர்களுக்கு மட்டும் அல்ல, உயிரோடிருப்பவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. "இன்னாருக்காக" என்று சொன்னால் போதும். அவன் இருக்குமிடம் சர்வேசுரனுக்குத் தெரியும். உயிரோடிருந்தால் ஆதரவாகவும், மரித்திருந்தால் இளைப்பாற்றியாகவும் அந்தப் பலி அவனைச் சேரும்.

மரித்தது நிச்சயம் என்றாலும், வீரன்தானே, அவனுக்கு எதற்கு ஜெபம் என்று நினைக்கலாகாது. மக்கபே இரண்டாம் ஆகமம் 12-ம் அதிகாரத்தை வாசியுங்கள். யூதாஸ் மக்கபே போரில் விழுந்த தன் ஆட்களை எடுக்கப் போனபோது, அவர்கள் உடைக்குள்ளே விக்கிரகத் தாயத்துகள் இருக்கக் கண்டான். வேதத்துக்காகப் போராடியவர்கள்தான், ஆனாலும் பாவம் இருந்தது. அவன் அவர்களைத் தூற்றவில்லை, மூடி மறைக்கவும் இல்லை. படையினரிடம் பணம் வசூலித்து, அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பினான். கல்லில் பெயர் வெட்டுவது ராஜாங்கத்தின் கடமை, அதை நன்றாகவே செய்திருக்கிறது. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமங்களுக்கு உதவுவதோ நம்முடைய வேலை. அதை டில்லி செய்யாது.

நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாள் பூசையில் பட்டாளத்தாருக்காகத் தனிக் கருத்து வைக்கப்படும். உங்கள் வீட்டாரோ, பக்கத்துத் தறிக்காரர் வீட்டாரோ, எந்த மதத்தவரானாலும் சரி, பெயரை உபதேசியாரிடம் எழுதிக் கொடுங்கள். சேதி தெரியாதவர் என்றால் பெயருக்கு முன் சிலுவைக்குறி போடவேண்டாம். வெறும் பெயர் போதும்.