சாகக் கிடந்தவர்களின் வகுப்பு

1965-ல் சிகாகோவைச் சேர்ந்த இறையியல் மாணவர்கள் நால்வர், எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவரைத் தேடி வந்தார்கள். மனித வாழ்வின் நெருக்கடிகளைப் பற்றி எழுத வேண்டியிருந்தது, சாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சாகக் கிடப்பவர்களிடமே கேட்டுவிடலாம் என்றார் அவர். தன் மருத்துவமனையில் வார்டு வார்டாக அலைந்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று கைவிரித்தார்கள் மருத்துவர்கள். அத்தனை பெரிய மருத்துவமனையில் சாகப்போகிறவர் ஒருவர்கூட இல்லையாம்!

நோயாளியின் சாவைத் தன் தோல்வியாகவே எண்ணப் பழகிய மருத்துவருக்குப் பிழைக்க வழியற்றவரின் கட்டிலருகே வேலை எதுவும் தெரிவதில்லை. ரவுண்ட்ஸில் அந்தக் கட்டிலைச் சட்டென்று கடந்துவிடுகிறார். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடுவது எளிது. அங்கே நின்று என்ன பேசுவது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சிகாகோவுக்கு வருவதற்கு முன்பே, டென்வரில் மருத்துவ மாணவர்களின் வகுப்புக்கு ரத்தப் புற்றுநோய் முற்றிய 16 வயதுப் பெண்ணைக் கூப்ளர்-ராஸ் அழைத்துவந்திருக்கிறார். அதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் மாணவர்கள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் கேட்டார்கள், கல்லீரலின் அளவைக் கேட்டார்கள், கீமோதெரபி பற்றிக் கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. மற்றவர்கள் கேட்கவேண்டியதைத் தானே கேட்டுத் தானே பதிலும் சொன்னாள்: இந்த வயதில் சில வாரங்களே மிச்சம் என்றால் எப்படியிருக்கும்? பள்ளி நடன விழாவைப் பற்றிக் கனவுகூடக் காண முடியாமல் போவது எப்படியிருக்கும்? வகுப்பே கண்கலங்கியது.

ஆனாலும் மனம் உறுத்துகிறது. எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாதே என்றார் தத்துவஞானி கான்ட். பிறகு சிகாகோவில் கூப்ளர்-ராஸ் நடத்திய வகுப்புகளில் ஒருவழிக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மாணவர்கள் உட்கார்ந்திருக்க, இந்தப்பக்கம் ஒருவர் தன் சாவைப் பற்றிப் பேசுவது அவரைக் காட்சிப்பொருளாக்குவது இல்லையா? நோயாளிகளின் சம்மதத்தோடுதான் எல்லாம் நடந்தது. மறுத்தவர்கள் மிகக் குறைவு. நோயாளிகளிடம் பேசவே ஆளில்லாமல் இருந்ததுதான் காரணம் என்று தோன்றுகிறது. சம்மதம் ஒருபுறமிருக்க, டென்வரில் அந்தப் பெண், மாணவர்களின் கேள்விகளை ஒதுக்கித்தள்ளிய கணத்திலேயே பாடப்பொருள் என்ற நிலையிலிருந்து ஆசிரியராகிவிட்டாள்.

1969-ல் வந்த கூப்ளர்-ராஸின் நூலுக்கு நேர்ந்தது வேறு கதை. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று சாகக் கிடப்பவர்கள் கடப்பதாக அவர் அதில் சொன்ன ஐந்து நிலைகளும் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியலாகிவிட்டன. ஐந்தும் வரிசையாகத்தான் வரும் என்பதில்லை என்று அவரே பிறகு சொல்லவேண்டி வந்தது.

1995-ல் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. பார்க்க வந்த பத்திரிகையாளர்களிடம், தன் சாவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று கடவுளைத் திட்டினார். சாவை ஏற்கச் சொல்லிக்கொடுத்தவரே இப்படிக் கோபப்படலாமா என்று சிலர் குறைபட்டுக்கொண்டார்கள்.