எஸ்கேப் ரோடு

பேரிஜம் ஏரியைத் தாண்டி டாப் ஸ்டேஷன் பக்கம் போகும் பழைய காட்டுச் சாலைக்குக் கொடைக்கானலில் இன்றும் ‘எஸ்கேப் ரோடு’ என்றுதான் பேர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் சென்னையில் இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்கள் கொச்சிக்குத் தப்பிப் போவதற்கான வழி என்பார்கள்.

மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை. 1942-43இல் சயாம்–பர்மா ரயில்பாதை போட ஜப்பான் ராணுவம் கொண்டுபோனவர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அதே பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உண்டு. தமிழர்களுக்கென ஒரு நடுகல் எழ 2023 ஆயிற்று.

1995இல் ஜப்பான் பிரதமர் முராயமா தன் நாட்டின் போர்க்காலச் செயல்களுக்காக மன்னிப்புக் கேட்டார். நல்லதுதான். ஆனால் செத்த கூலிகளின் பெயர்களைத் தேடித் தொகுக்காமல் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது? தோட்டத்தில் அவர்களை விட்டுவிட்டு ஓடிய பிரிட்டனையும் சேர்த்தே கேட்க வேண்டும்.